நூறு இல்ல, நூற்று: பணம் வந்தா கூவுற ரெண்டு பெட்டியோட ரெண்டே முக்கால் வருஷம்

அத்தோன்னு சொல்ற பர்மா நூடுல்ஸைக் கையாலதான் பிசையணும். கரண்டி போட்டா நூடுல்ஸ் உடைஞ்சிடும், புளித்தண்ணி ஒரு பக்கம் நிக்கும், பூண்டெண்ணெய் இன்னொரு பக்கம் நிக்கும். சாயங்காலம் 5 மணிக்குக் கையை உள்ள விட்டேன்னா ராத்திரி 10 வரைக்கும் முழங்கை வரை எண்ணெயும் மிளகாயும்தான். அந்தக் கையோட எவன் போனையும் வாங்கிப் பார்க்க முடியாது, என் போனையும் எடுக்க முடியாது. யு.பி.ஐ.-ல பணம் வந்தா எவ்வளவுன்னு சத்தமா சொல்ற இந்தப் பெட்டியை நான் வாங்கினதுக்குக் காரணம் இதுதான். டிஜிட்டல் இந்தியாவெல்லாம் அப்புறம்.

எதிர்ல இஸ்திரி வண்டி வச்சிருக்கிற அண்ணன் ஒரு வாரமா கேட்டுட்டே இருக்காரு, "தம்பி, அந்தக் கூவுற பொட்டி வாங்கலாமா, வேணாமா?" வாயால சொன்னா பாதியிலேயே ஒரு பிளேட் ஆர்டர் வந்துடுது. அதனால எழுதிடுறேன், வேற யாருக்காவது உதவினாலும் சரி. எந்தக் கம்பெனின்னு மட்டும் எழுதப் போறதில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தா பதில் எழுத எனக்கு நேரமும் இல்லை, பூண்டு உரிக்க ஆளும் இல்லை.

கடை சென்னை வியாசர்பாடியில, எருக்கஞ்சேரி ஹைரோடு பக்கம். வண்டிக் கடைதான். அத்தோ 70 ரூபா, மசால் முட்டை 20, வாழைத்தண்டு சூப் பிளேட்டோட சும்மா. ஒரு நாளைக்கு 50, 60 பிளேட் போகும். எங்க அம்மா கல்லாவுல உக்காருவாங்க, நான் பிசைவேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நம்பர் அடையாளம் தெரியும், நோட்டு அடையாளம் அதைவிட நல்லா தெரியும். போன் திரையில இருக்கிறது மட்டும் அவங்களுக்கு எட்டாது.

பெட்டி இல்லாத காலத்துல எப்படின்னா, ஸ்கேன் பண்றவன் திரையை அம்மா மூஞ்சிக்கு நேரா காட்டுவான். பச்சையா ஒரு டிக் இருக்கும். அம்மா "சரி கண்ணு"ம்பாங்க. ஒரு பையன் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு தபா வந்து சாப்பிட்டான், ஒவ்வொரு தபாவும் பச்சை டிக் காட்டினான். மாசக் கடைசியில கணக்கு இடிக்குதேன்னு ஒரு நாள் கையைத் துடைச்சுட்டுப் போய் அவன் போனைப் பார்த்தேன். டிக் நிஜம்தான், தேதி பழசு. முதல் நாள் கட்டின 70 ரூபாயைப் போட்டோ பிடிச்சு வச்சுக்கிட்டு அதையே காட்டிட்டு இருந்திருக்கான். கில்லாடி. அவனைத் திட்டினதைவிட அம்மா தன்னைத் திட்டிக்கிட்டதுதான் ஜாஸ்தி. "நாலெழுத்து படிச்சிருந்தா இப்படி டபாய்ப்பானா"ன்னு ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. 2023 பிப்ரவரியில முதல் பெட்டி வாங்கினேன்.

விக்க வந்த பையன் நல்லா பேசினான். முதல் வருஷம் வாடகை கிடையாது, அப்புறம் மாசம் 100 ரூபா, பிடிக்கலைன்னா எப்ப வேணா திருப்பிக் கொடுத்துடலாம்னான். நான் கடுகு தாளிக்கிற நேரம் பார்த்து என் போனை வாங்கி நாலஞ்சு இடத்துல அவனே "ஓகே" அமுக்கினான். அந்த நாலஞ்சு ஓகேல ஒண்ணு, மாசா மாசம் கணக்குல இருந்து தானா பணம் எடுத்துக்கிற அனுமதி. ரெண்டாவது மாசமே 100 போச்சு. போன் பண்ணா, "சார், அது வேற பிளான்." அந்தப் பையனும் வேற ஏரியாவுக்குப் போயிட்டான். தெரிஞ்சுக்கோங்க: ஓகே அமுக்குறது உங்க விரலா இருக்கட்டும், அடுப்பு அணைஞ்சிருக்கட்டும்.

சரி, பெட்டிக்கு வர்றேன். உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம எனக்குத் தூக்கம் வராது, ஏன்னா இந்தக் கடைக்கு முன்னாடி 9 வருஷம் மொபைல் சர்வீஸ் கடையில உக்காந்தவன் நான். ஒண்ணும் பெரிய மாயம் இல்லை. ஒரு சிம் கார்டு, ஒரு பேட்டரி, ஒரு ஸ்பீக்கர், பொடியா ஒரு போர்டு. ஸ்கேன் பண்றவன் ரகசிய எண்ணைப் போட்டதும் அவன் பேங்க்ல கழிஞ்சு, நடுவுல இருக்கிற யு.பி.ஐ. வழியா நம்ம பக்கம் சேருது. சேர்ந்த சேதி கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து இந்த சிம்முக்கு ஒரு துண்டுச் செய்தியா வருது: இவ்வளவு ரூபா. பெட்டி தனக்குள்ள பதிஞ்சு வச்சிருக்கிற வார்த்தைகளை ஒட்டி வரிசையாப் பாடுது, அவ்வளவுதான். அதனால பெட்டி கூவாம இருந்தா பணம் வரலைன்னு அர்த்தம் இல்லை. பணம் ஒரு வழியா வருது, கூவுறதுக்கான சேதி இன்னொரு வழியா வருது. இது புரியாம பக்கத்துக் கடைக்காரர் ஒரு வயசான அம்மாகிட்ட ரெண்டு தபா 240 ரூபா வாங்கிட்டாரு. மறுநாள் அந்தம்மா பேரனைக் கூட்டிட்டு வந்து சண்டை.

அந்த ஒட்டுற வேலையிலதான் என் முதல் பெட்டி கோட்டை விட்டுச்சு. ரெண்டு பிளேட் அத்தோ 140. எங்க கடையில ஜாஸ்தி வர்ற தொகை அதுதான், ஏன்னா ஜோடியா வர்றவங்கதான் ஜாஸ்தி. பெட்டி என்ன சொல்லும் தெரியுமா? "நூறு நாற்பது ரூபாய் பெறப்பட்டது." மூணு பிளேட்டுக்கு "இருநூறு பத்து." கேக்குறவங்க சிரிப்பாங்க. நானும் முதல்ல, மிஷினுக்கு இலக்கணம் எதுக்குன்னு விட்டுட்டேன். அப்புறம்தான் அம்மா தடுமாறுறது தெரிஞ்சது. கூட்டமா இருக்கும்போது அவங்க காதுல "நூறு"ன்னு விழுந்ததும் யாரோ 100 கட்டிட்டாங்கன்னு மனசுல முடிச்சிடுறாங்க. அடுத்து "நாற்பது"ன்னா அது வேற யாரோ ரெண்டு முட்டைக்குக் கட்டினது. ஒருநாள் 140 கட்டின ஒரு ஜோடிகிட்ட, "கண்ணு, 100தான் வந்துச்சு, இன்னும் 40 போடு"ன்னு கேட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, சண்டை போடலை. ஆனா அன்னையிலிருந்து அம்மா ஒவ்வொரு 140-க்கும் என்னைத் திரும்பிப் பார்ப்பாங்க, நான் பிசையிறதை நிறுத்திட்டுத் தலையாட்டணும். அப்ப எதுக்கு மாசம் 100 ரூபா?

"நூறு"ன்னா பேச்சு முடிஞ்சது. "நூற்று"ன்னா பின்னாடி இன்னும் ஏதோ வருதுன்னு காது காத்துட்டு இருக்கும். "ஆயிரம்"னா முடிஞ்சது, "ஆயிரத்து"ன்னா முடியலை. படிக்காத எங்கம்மாவுக்கு இது எந்த வாத்தியாரும் சொல்லித் தரலை, ஆனா அவங்க காதுக்குள்ள பொறந்ததுல இருந்து இருக்கு. பெட்டி செஞ்சவங்களுக்கு இது தெரியலை. இங்கிலீஷ்ல 'ஹண்ட்ரட்'டுக்குப் பின்னாடி எதை ஒட்டினாலும் 'ஹண்ட்ரட்' மாறாது, அதே சட்டையைத் தமிழுக்கும் தச்சுப் போட்டுட்டாங்க.

இதை வீட்டுல சொல்லிப் புலம்பினப்ப என் பொண்ணு காதுல விழுந்துடுச்சு. 2024 ஜூன், அவ அப்ப பிளஸ் டூ சேர்ந்திருந்தா. தமிழ் மீடியம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். நம்ம பாடத்திட்டத்துல பிளஸ் ஒன்ல சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூல பைதான். பாடம் பூரா மாணவர் மதிப்பெண், வட்டத்தின் பரப்பளவுன்னே போகுது, ஒரு நாளும் நிஜத் தொல்லை ஒண்ணு வந்ததில்லைன்னு அவளுக்கும் சலிப்பு. நோட்டை எடுத்து உக்காந்தா. நம்ம கடையில 10,000 தாண்டப் போறதில்லை, அதனால 9,999 வரைக்கும் போதும்னா. ஒண்ணுலேர்ந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும் 99 வார்த்தை. நூறு, இருநூறுன்னு தொள்ளாயிரம் வரை 9. ஆயிரம், இரண்டாயிரம்னு ஒன்பதாயிரம் வரை 9. ஆக 117. பெட்டிக்காரன் இதோட நிறுத்திட்டான். நூற்று, இருநூற்று, தொள்ளாயிரத்து, ஆயிரத்து, இரண்டாயிரத்துன்னு இன்னொரு 9-ம் 9-ம் சேர்த்திருந்தா 135. கூடுதலா வெறும் 18 வார்த்தை! அப்புறம் புரோகிராம்ல ஒரே ஒரு கேள்வி: நூறால வகுத்தா மீதி வருதா? வந்தா "நூற்று", வரலைன்னா "நூறு". ஆயிரத்துக்கும் அதே கேள்வி. ஒரு கம்பெனி பூரா விட்ட இடம் இந்த ரெண்டு வரிதான்.

குரலுக்கு ஆயாவைப் பிடிச்சா. ஒரு ஞாயித்துக்கிழமை மதியம், ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, போன்ல 135 வார்த்தையும் பதிஞ்சாங்க. வேர்வையில குளிச்சுட்டே எங்கம்மா ஒவ்வொண்ணா சொல்றாங்க: "எயுவது", "எயுவத்தொண்ணு". "ஆயா, எழுபது சொல்லு." "அதான்டி சொல்றேன், எயுவது." கடைசியில அவ திருத்துறதை விட்டுட்டா. லேப்டாப்ல 1,140 போட்டு எண்டர் தட்டினதும் எங்கம்மா குரல்ல "ஆயிரத்து நூத்தி நாப்பது ரூபா வந்துச்சு"ன்னு கேட்டுச்சே, அந்தப் பெட்டி கம்பெனி எத்தனை கோடி போட்டிருந்தாலும் இதுக்குப் பக்கத்துல வர முடியாது. பெட்டிக்குள்ள இதை ஏத்த முடியாது, அது பூட்டின பெட்டி. கம்பெனிக்கு இங்கிலீஷ்ல மெயில் போட்டா, 18 வார்த்தை லிஸ்ட்டோட. "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு தானா ஒரு பதில் வந்துச்சு, அதோட சரி. ஆகஸ்ட்ல பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்தும் ரெண்டு மாசம் வாடகை எடுத்தாங்க, அதை வாங்க நான் பட்ட பேஜாரை எழுதினா இந்தக் கட்டுரை முடியாது. கடைசியில பேங்க்ல போய் அந்த அனுமதியை ரத்து பண்ணினேன், புகார் எண்ணெல்லாம் சும்மா.

இப்ப இருக்கிறது வேற கம்பெனியோடது. மாசம் 125. வாங்குறதுக்கு முன்னாடி கொண்டுவந்த பொண்ணுகிட்ட, "127 ரூபா ஒண்ணு போட்டுக் காட்டும்மா"ன்னேன். அவளுக்கு ஒண்ணும் புரியலை, ஆனா போட்டா. "நூற்று இருபத்தி ஏழு ரூபாய்." அம்மா திரும்பிப் பார்க்காம தலையை மட்டும் ஆட்டினாங்க. கையெழுத்துப் போட்டேன்.

இந்த ரெண்டாவது பெட்டியில குறையே இல்லைன்னு சொல்லமாட்டேன். நான் வச்சிருந்த ரெண்டு பெட்டியும் எவ்வளவுன்னுதான் சொல்லுது, யாருன்னு சொல்றதில்லை. ராத்திரி 8 மணிக்கு ஒரே நேரத்துல நாலு பேர் 70 போடுவான். பெட்டி மூணு தபாதான் கூவும். போடாதவன் யாரு? நாலு பேரும் ஒரே மாதிரி சூப் குடிச்சுட்டு நிப்பாங்க. என் பொண்ணு இதுக்கும் ஒரு யோசனை சொன்னா: ஒவ்வொருத்தனுக்கும் பைசாவுல ஒரு டோக்கன், நீ 70 ரூபா 1 பைசா, நீ 70 ரூபா 2 பைசா. பெட்டி பைசாவோட சொல்லும், யாருதுன்னு தெரிஞ்சிடும். காலேஜ்ல மார்க் வாங்க நல்ல யோசனை. ரெண்டு நாள் ஓட்டினோம். மூணாவது நாள் ஒரு பெரியவர், "யப்பா, பசிக்குதுபா, புள்ளி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலை"ன்னாரு. விட்டாச்சு. இப்ப கூட்டம் வந்தா அம்மா கியூஆர் அட்டையைக் கையில பிடிச்சுக்கிறாங்க. ஒருத்தன் முடிச்சு, பெட்டி கூவினாத்தான் அட்டை அடுத்தவன் பக்கம் போகும். பழைய பஸ் கண்டக்டர் மாதிரி.

அடுத்த விஷயத்தை எந்த விளம்பரத்துலயும் சொல்லமாட்டாங்க. பெட்டி உங்க வருமானத்தைத் தெருவுக்கே அறிவிக்குது.

எங்க பக்கத்துல சின்ன வியாபாரம் ஓடுறதே தண்டல்லதான், அதாவது தினம் வந்து வசூல் பண்ற வட்டிக் கடன்ல. 10,000 கேட்டா தண்டல் அண்ணன் 1,500-ஐப் பிடிச்சுக்கிட்டு 8,500 கையில தருவாரு. தினம் 100 வீதம் 100 நாள். சாயங்காலம் டூ வீலர்ல வந்து, அட்டையில டிக் போட்டு வாங்கிட்டுப் போவாரு. வியாபாரம் படுத்த அன்னைக்கு, "அண்ணே, இன்னைக்கு டல்லு, நாளைக்கு சேர்த்துத் தர்றேன்"னு சொல்லலாம். மனுஷன் மூஞ்சியைப் பார்ப்பாரு, வண்டியைப் பார்ப்பாரு, சரின்னு போவாரு. பெட்டி வந்த அப்புறம் ஒருநாள் அப்படிச் சொல்லி வாயை மூடலை, பெட்டி கூவிச்சு, "இருநூற்று முப்பது ரூபாய்." அவரு ஹெல்மெட்டைக் கழட்டினாரு. "இன்னாபா டல்லுன்ற? நான் நின்ன அஞ்சு நிமிஷத்துல உன் பொட்டி நாலு தபா கூவிடுச்சு." 100 ரூபா வாங்காம நகரலை. ஆடி மாசம் கூழ் ஊத்த நன்கொடை கேட்டு வர்ற பசங்களும் அப்படித்தான். கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னு காது கொடுத்துட்டுத்தான் ரசீதுல தொகையை எழுதுறாங்க. சொந்தக்காரங்க கதையை எழுதினா வீட்டுல பிரச்சினை.

சத்தத்தைக் குறைக்கலாம், பட்டன் இருக்கு. ஆனா எங்க ரோட்டுல கன்டெய்னர் லாரி போற சத்தத்துல, பெட்டி கொஞ்சம் குறைஞ்சாலும் அம்மாவுக்குக் கேக்காது. தெருவுக்குக் கேக்காம அம்மாவுக்கு மட்டும் கேக்குற அளவு ஒண்ணு இருக்கான்னு ரெண்டு வாரம் தேடினேன். இல்லை. முட்டைத் தட்டுக்குப் பின்னாடி, அம்மா பக்கமா ஸ்பீக்கரைத் திருப்பி வச்சிருக்கேன். பாதிப் பலன்.

தண்டலைச் சொன்னதும் இன்னொண்ணு. கடைக்காரன் யு.பி.ஐ.-க்குக் கமிஷன் தர வேணாம்னு 2020 ஜனவரியிலேயே ஆக்கிட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல நாடு பூரா ஒரே மாசத்துல 2,000 கோடி தபாவுக்கு மேல யு.பி.ஐ.-ல பணம் கைமாறிச்சு, என்னை மாதிரி ஆளு அதுக்குத் தனியா ஒரு பைசா கட்டலை. அப்ப இந்தக் கம்பெனிகளுக்கு வயிறு எப்படி நிறையுது? பெட்டி வாடகை ஒண்ணு. அதைவிடப் பெருசு கடன். நான் தினம் எவ்வளவு பிசையிறேன்னு என் பொண்டாட்டியைவிட அவங்களுக்குத்தான் நல்லா தெரியும், பெட்டி சொல்லுதே. ரெண்டாவது பெட்டி வந்து கொஞ்ச நாள் ஆனதும் ஆப்ல பூச்செண்டெல்லாம் போட்டு ஒண்ணு வந்துச்சு: உங்களுக்கு 30,000 கடன் தயார், பேப்பர் வேணாம், மாசம் 2 சதவீதம்தான். 900 கட்டணம் பிடிச்சுக்கிட்டு 29,100 கையில. தினம் 187 ரூபா, 180 நாள், கடைக்கு வர்ற பணத்துலயே தானா கழிஞ்சிடும்.

எனக்கு உடனே டூ வீலர் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. இது தண்டல்தானே? அட்டை இல்லை, டிக் இல்லை, அவ்வளவுதான். பொண்ணுகிட்ட கொடுத்தேன், கடன்ல தினம் மிச்சமிருக்கிற தொகைக்கு நிஜ வட்டி எவ்வளவுன்னு பாருன்னு. அவ ஒரு வட்டியை வச்சுப் பார்த்து, ஜாஸ்தியா இருந்தா குறைச்சு, குறைவா இருந்தா கூட்டி, சுத்திச் சுத்திக் கணக்குப் போடுற மாதிரி ஒண்ணு எழுதினா. நம்ம தண்டல் அண்ணன் கணக்கு வருஷத்துக்கு 120 சதவீதம் வந்துச்சு. மாசம் 2 சதவீதம்னு போட்ட ஆப் கடன் வருஷத்துக்கு 24 வரணும் இல்லையா? வந்தது 60. அசலை நாம தினம் கட்டிக்கிட்டே வர்றோம், வட்டியை மட்டும் முழு 30,000-க்கும் கடைசி வரைக்கும் போடுறாங்க, அந்த 900-ஐயும் முன்னாடியே பிடிச்சுக்கிறாங்க, அதுல இருக்கு சூட்சுமம்.

60-ஆ 120-ஆன்னா 60-தான் லாபம். நான் மழுப்பலை. 2024 தீபாவளிக்கு அந்தக் கடனை எடுத்தேன், வண்டிக்குப் புது தகரம் அடிக்க. ஆனா ஒரு வித்தியாசத்தைச் சொல்லிடணும். நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் மழையில மூணு நாள் கடை போடலை. நாலாவது நாள் கடை போட்டேன், முதல் ரெண்டு பிளேட் காசு வந்த வேகத்துலயே காணோம். விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து அள்ளிட்டாங்க. தண்டல் அண்ணன் அன்னைக்கு வந்திருந்தா முட்டியளவு தண்ணியைப் பார்த்துட்டு, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்பா"ன்னு சொல்லியிருப்பாரு. வட்டி ஜாஸ்திதான், ஆனா அந்த மனுஷனுக்குக் கண்ணு இருக்கு.

மழைன்னதும் முதல் பெட்டி இருந்தப்ப வந்த மிக்ஜாம் புயல் ஞாபகம் வருது. 2023 டிசம்பர் 4. எங்க பக்கம் கரண்ட் போய், டவர் போய், வீட்டுக்குள்ள தண்ணி. பெட்டி ரெண்டாவது நாளே செத்துடுச்சு, சார்ஜ் இருந்தவரைக்கும் அரை மணிக்கு ஒரு தபா "நெட்வொர்க் இணைப்பு இல்லை"ன்னு அதுவே சொல்லிட்டு இருந்துச்சு, எங்களுக்குத் தெரியாத மாதிரி. பால் பாக்கெட் விக்க வந்தவன் காசுதான் கேட்டான். பேங்க்ல 11,000 இருந்தும் எங்கிட்ட கையில ஒண்ணும் இல்லை. எங்கம்மாகிட்ட இருந்துச்சு. அரிசி டின்னுக்கு அடியில பிளாஸ்டிக் கவர்ல சுத்தி 6,000.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அம்மா பொறந்தது ரங்கூன்ல. தாத்தாவுக்கு அங்க சின்னதா ஒரு துணிக்கடை. 1964 மே மாசம், பர்மாவுல ராணுவத் தளபதி நே வின் ஆட்சி, 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. கடையையும் சர்க்காரே எடுத்துக்கிச்சு. மறு வருஷம் கப்பல்ல மெட்ராஸ் வந்தப்ப அம்மாவுக்கு 7 வயசு. செல்லாத நோட்டு ஒண்ணை வச்சு விளையாடினது ஞாபகம் இருக்குன்னு சொல்லுவாங்க, மயில் இருந்துச்சாம் அதுல. அப்புறம் 2016 நவம்பர் 8, ராத்திரி வியாபார நேரத்துல 500 நோட்டோட நின்னவங்க மூஞ்சியெல்லாம் பார்த்தாங்க. நோட்டையே ரெண்டு தபா நம்பி ஏமாந்தவங்ககிட்ட, பெட்டி சொன்ன குரலைக் காசுன்னு எப்படிச் சொல்றது? ராத்திரி கடை கட்டினதும் கல்லாவை எண்ணி முடிச்சுட்டுக் கேப்பாங்க, "இது போக, அது எவ்வளவு சொல்லிச்சு?" வந்துச்சுன்னு கேக்க மாட்டாங்க. சொல்லிச்சுன்னுதான் கேப்பாங்க. வாரம் ஒரு நாள் ஏ.டி.எம்.ல எடுத்து அவங்க கையில ஒரு பங்கு கொடுத்துடுறேன். நூடுல்ஸ் போடுறவரும் காலையில கைக்காசுதான் கேக்குறாரு, அதுக்கும் ஆச்சு.

வரி பயம் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க, அதனால ரெண்டு வரி. 2025 ஜூலையில கர்நாடகாவுல யு.பி.ஐ. கணக்கைப் பார்த்துச் சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போச்சு, பெங்களூருல நிறைய கடையில கியூஆர் அட்டையைக் கழட்டிட்டாங்க. அந்த வாரம் எங்க தெருவுலயும் நாலு பேர் பெட்டியைத் துணி போட்டு மூடினாங்க. சாமான் விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம், எங்களை மாதிரி சமைச்சுப் போடுறவங்களுக்கு 20 லட்சம் தாண்டினாத்தான் ஜி.எஸ்.டி. பதிவு. எனக்குக் காசும் பெட்டியும் சேர்த்து 15, 16 லட்சம் வரும். மூடி வைக்க ஒண்ணும் இல்லை. ஆனா வீட்டு வரவு, கைமாத்து, சீட்டுப் பணம்னு எல்லாத்தையும் கடை கியூஆர்லயே வாங்காதீங்க. எது விற்பனை, எது மச்சான் திருப்பிக் கொடுத்த கடன்னு பெட்டிக்குத் தெரியாது, நோட்டீஸ் அனுப்புறவங்களுக்கும் தெரியாது.

சில்லறை சமாச்சாரத்துல மட்டும் பெட்டிக்கு முழு மார்க். முன்னாடி 100 கொடுத்தா 30 திருப்பித் தர சில்லறை தேடி டீக்கடை, மருந்துக்கடைன்னு அலையணும், இல்லைன்னா சாக்லேட்டு. இப்ப எண்ணெய் விலை ஏறினா 70-ஐ 73 ஆக்கலாம், ஒருத்தனும் மூணு ரூபாய்க்குப் பாக்கெட்டைத் தடவ வேணாம். ஆக்கலை, சொன்னேன்.

பேட்டரி, புதுசுல நாலு நாள் நின்னுச்சு, இப்ப ஒன்றரை நாள். எண்ணெய்க்கு ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டேன், சத்தம் மங்கிச்சு, ஸ்பீக்கர் பக்கம் மட்டும் கிழிச்சு விட்டேன். கடைசியா வந்த தொகையைத் திருப்பிச் சொல்ல ஒரு பட்டன் இருக்கு, அம்மா அதைத்தான் ஜாஸ்தி அமுக்குவாங்க, ரப்பரே தேஞ்சுடுச்சு.

இஸ்திரி அண்ணனுக்கு நான் சொன்னது: வாங்குங்க, 127 போட்டுக் காட்டச் சொல்லுங்க, ஓகே நீங்களே அமுக்குங்க, கடன் பூச்செண்டு வந்தா எங்கிட்ட காட்டுங்க. தெருவுக்கே கேக்குமேன்னு மட்டும் கொஞ்சம் யோசிச்சாரு. அவரும் அதே தண்டல் அண்ணன்கிட்டதான் வாங்கியிருக்காரு. நேத்து பெட்டி வந்துடுச்சு. சாயங்காலம் முதல் வாடிக்கையாளர் ஆறு சட்டைக்குக் காசு போட்டதும் பெட்டி என்னமோ சொல்லிச்சு, யாருக்கும் புரியலை. மொழியை வங்காளத்துல வச்சிருக்காரு. "எப்படி என் ஐடியா?"ன்னு ரோட்டைத் தாண்டிக் கத்தினாரு. அப்புறம் பத்து நிமிஷம் கழிச்சு, போனை எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்தாரு, எவ்வளவு வந்துச்சுன்னு பார்த்துச் சொல்லுன்னு. எனக்குக் கை பூரா எண்ணெய்.